நடுக்கம் என்கிற பெயர்

ஒரு நோய்க்கு வைக்கிற பெயரே அதன் மருந்தை எதை வைத்து அளக்கணும் என்பதையும் சொல்லிவிடுகிறது. பார்க்கின்சன் நோயை நாம் நடுக்குவாதம் என்கிறோம்; ஆயுர்வேதத்தில் கம்பவாதம். 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்து எழுதிய சிறு நூலின் தலைப்பிலும் நடுக்கம்தான். அதனால் இன்றைக்கும் புதுச்சேரியில் ஒரு வீட்டில் அப்பா மாத்திரை போட ஆரம்பித்தால், எல்லார் கண்ணும் அவர் கை மேலேயே இருக்கிறது. “இன்னும் ஆடுதே, மருந்து கேக்கல.” சில வீடுகளில் மாத்திரையை நிறுத்தியே விடுகிறார்கள்.

அந்தப் பெயரைச் சந்தேகப்பட்டவர், இந்த ஊரையும் அப்போது ஆண்டுகொண்டிருந்த பிரான்ஸின் மருத்துவர் ழான் மர்த்தேன் ஷார்க்கோ. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அவர் பார்த்த சிலருக்கு நடுக்கமே இல்லை. தசையில் பலம் இருந்தது. ஆனால் எதைச் செய்யவும் நேரம் பிடித்தது. நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே வைத்தார். பெயரை மாற்ற முடிந்தது. நல்ல மருந்துதான் கையில் இல்லை.

அந்த மருந்து நம் பக்கத்திலேயே இருந்தது. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து 1937-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மேல பட்டால் அரிக்குமே, அதே பூனைக்காலி. ஆனால் மூளைக்கு டோபமின் எதற்கு என்பதே அன்று யாருக்கும் தெரியாது. அதனால் அது விதையில் கிடைத்த ஒரு வேதிப்பொருளாகவே நின்றுவிட்டது.

முடிச்சை அவிழ்த்ததும் நம்ம ஊர் மூலிகைதான். சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-ல் ரெசர்பின் பிரிக்கப்பட்டது. 1957-ல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் முடங்கின. டோபா ஊசி போட்டதும் எழுந்து நடமாடின. 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார். அடுத்த வருஷம் அவரும் பிர்க்மேயரும் நோயாளிகளுக்கே எல்-டோபா ஊசி போட்டார்கள். படுத்தவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்தார், நின்றவர் நடந்தார். அவர்கள் கட்டுரையின் தலைப்பில் இருந்த சொல் நடுக்கம் இல்லை, அசைவின்மை. 1967-ல் கோட்சியாஸ் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாய்வழியாகவே கொடுக்கலாம் என்று காட்டினார்.

மருந்து அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறது. மந்தமும் விறைப்பும்தான் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். நடுக்கம் ஒருவருக்கு அடங்கும், இன்னொருவருக்குப் பிடிவாதமாக நிற்கும். பிற்காலத்தில் வரும் தடுமாற்றத்துக்கும் விழுதலுக்கும் பலன் குறைவு. வருஷங்கள் போனால் அடுத்த வேளைக்கு முன்பே மருந்தின் வேகம் தீரலாம். உடம்பு தானாக நெளியவும் செய்யலாம். அதற்கு வேளையையும் அளவையும் மருத்துவர் மாற்றித் தருவார். நாமே திடீரென்று நிறுத்தினால் உடம்பு இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே அப்பாவின் கையை மட்டும் பார்க்க வேண்டாம். சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரமாகிறது, நாற்காலியிலிருந்து யார் துணையும் இல்லாமல் எழுகிறாரா, மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு நடை இலகுவாகிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் சொல்ல வேண்டியது அதைத்தான்.