அடிமனையும் மேல்கட்டுமானமும்: திருப்பனந்தாளில் ஒரு வீடு வாங்குதல் பற்றி

“பெரிய வீடா பாக்கணும். ஊருக்குள்ள வாங்கறதா, ரோட்டோரத்து நகர்ல வாங்கறதா, நீங்கதான் சொல்லணும்” என்று திருப்பனந்தாளில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தாயாரும் வந்து சேர்ந்துவிட்டார், இரண்டு அறை போதவில்லை. அவர் முன் இரண்டு வீடுகள். ஒன்று கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீண்டு கிடக்கும் பழைய ஓட்டு வீடு. மற்றது, சில வருஷங்களுக்கு முன்புவரை சம்பா விளைந்த வயலில் கல் ஊன்றிப் போட்ட மனைப்பிரிவில் புதிதாக எழுந்த மாடி வீடு. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

இது வசதி பற்றிய கேள்வியாகத் தோன்றுகிறது. கடைத்தெரு பக்கமா, கார் நிறுத்த இடமுண்டா, தண்ணீர் உப்பா என்பதுபோல. ஆனால் 'பழைய இடம்', 'புது இடம்' என்கிற இந்த எதிர்வே ஒரு வரலாற்றால் உருவாக்கப்பட்டது. அந்த வரலாற்றைப் புரட்டாமல் நண்பருக்குப் பதில் சொல்ல முடியாது.

1

காவிரிச் சமவெளியில் குடியிருக்கும் இடம் என்பது எப்போதுமே வகைப்படுத்தப்பட்ட இடம். ராஜராஜனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களைச் சொல்லும்போது வரி நீக்கப்பட்ட நிலங்களைத் தனித்தனியே எண்ணுகின்றன: ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு, வாய்க்கால். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யார் எங்கே குடியிருப்பது என்பது அரசின் கணக்கில் ஏறிவிட்டது. நத்தம் மேடு, நஞ்சை பள்ளம். வெள்ளத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே வாழ்ந்தவர்கள் வீட்டை மேட்டிலும் பயிரைப் பள்ளத்திலும் வைத்தார்கள். மேட்டிலும் எந்த மேடு யாருக்கு என்பதைச் சாதி தீர்மானித்தது.

1961-62இல் தஞ்சைப் பகுதி ஊரொன்றில் தங்கி ஆய்வு செய்து அதற்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயரிட்டு எழுதிய ஆந்த்ரே பெத்தேய், அக்கிரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி என்ற மூன்று வெளிகளாகவே ஊரை வாசித்தார். அவருக்குப் பத்தாண்டுகள் முன்பு 'கும்பப்பேட்டை'யில் தங்கிய காத்லீன் கஃபும் இதே பிரிவினையைத்தான் கண்டார். தெரு என்பது இங்கே முகவரி அல்ல, அந்தஸ்து.

திருப்பனந்தாளில் இந்தப் பொதுச் சித்திரத்தோடு மடம் என்ற நிறுவனமும் சேர்கிறது. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் காசியில் நிறுவிய மடத்தின் மரபு, தில்லைநாயக சுவாமிகள் காலத்தில், 1720 வாக்கில், இவ்வூரில் காலூன்றியது. தஞ்சையை மராத்தியர் ஆண்ட காலம் அது. டெல்டாவின் கோயிலூர்களில் நிலம் என்பது பெரும்பாலும் தனிமனிதச் சொத்து அல்ல. கட்டளைக்கும் அறத்துக்கும் எழுதிவைக்கப்பட்டது. வயல் மட்டுமல்ல, கோயிலைச் சுற்றிய மனைகளும் பல ஊர்களில் அப்படியே. அதிலிருந்து பிறந்த சொல்தான் 'அடிமனை'.

2

“அடிமனை கோயிலோடது, மேல இருக்கறதுதான் நம்மளுது” என்பது இப்பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். மண் ஒருவருக்கு, சுவர் வேறொருவருக்கு. வீட்டுக்காரர் மண்ணுக்கு வாடகை கட்டுவார். வீட்டை விற்றால் பத்திரத்தில் 'மேல்கட்டுமானம்' மட்டும்தான் விற்கப்படும். மார்க்சியம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் சிரிப்பை வரவழைக்கலாம். அடித்தளமும் மேல்கட்டுமானமும் என்று நாம் வகுப்பெடுத்துக்கொண்டிருந்ததைக் கோயிலூர்ப் பத்திர எழுத்தர்கள் தலைமுறைகளாக முத்திரைத்தாளில் எழுதி வந்திருக்கிறார்கள்.

பிறர் மண்ணில் வீடு கட்டியவர்களுக்குச் சட்டம் பாதுகாப்பளித்ததும் உண்டு. சென்னையில் மனை விலை ஏறியபோது மண்ணுக்குரியவர்கள் குடியிருந்தவர்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் அதனால் வந்தது. நியாயமான வாடகை கட்டும்வரை வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கட்டியவர்களைக் காப்பது அதன் நோக்கம். அதன் 9ஆம் பிரிவின்படி, கட்டியவர் அந்த மண்ணையே தனக்கு விற்க உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். 1955இல் வேறு நகரங்களுக்கும் இதை நீட்டிக்க வழி செய்தார்கள். ஆனால் 1996இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை இச்சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

மறுபக்கம், 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, கோயில் சொத்தை விற்கவும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் ஆணையரின் அனுமதி வேண்டும் என்கிறது. 2003இல் சேர்க்கப்பட்ட 34-அ, நியாய வாடகையைச் சந்தை மதிப்பை ஒட்டி நிர்ணயிக்க வழிசெய்தது. கோயில் சொத்தைக் காப்பது தேவையில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது சூறையாடப்பட்ட வரலாறும் நமக்குத் தெரியும். ஆனால் தாத்தா காலத்தில் சில ரூபாய் கட்டிவந்த குடும்பத்துக்குச் சந்தை மதிப்பில் வாடகையும் நிலுவையும் கேட்டு நோட்டீஸ் வரும்போது, அதுவரை 'சொந்த வீடு' என்று நினைத்திருந்தது ஒரே நாளில் வாடகை வீடாகிவிடுகிறது.

பழைய தெருவில் நண்பர் பார்த்த வீடு அப்படிப்பட்டதுதான். உத்தரம் தேக்கு, தூண் வழவழப்பு, முற்றத்தில் மழை. ஆனால் மண் கணக்கில் இல்லை. வங்கி கடன் தரத் தயங்கும். இவ்வளவு மலிவாகப் பெரிய வீடு ஏன் கிடைக்கிறது என்பதற்கான பதில் அதுதான். முன்பு அங்கிருந்தவர்கள் படிப்பாலும் வேலையாலும் சென்னைக்கும் மும்பைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். விட்டுப்போன வீட்டின் கௌரவம் விற்கப்படுகிறது. விட்டுப்போக முடியாத வழக்கும் சேர்த்தே விற்கப்படுகிறது.

3

அப்படியானால் புதுநகர்? அங்கே மண் உண்டு. பட்டா உண்டு. நாற்பதடிச் சாலை, நீல விளம்பரப் பலகை, நுழைவளைவு. விக்கிரவாண்டி-தஞ்சை நான்குவழிச் சாலை சோழபுரம் வழியாகப் போகிறது என்றானபின், இந்தப் பக்கத்து நஞ்சைக்கு நெல் விலை போய் மனை விலை வந்தது. மா, குழி என்று அளந்த நிலம் இப்போது சதுர அடியில் அளக்கப்படுகிறது. அளவு மாறும்போது நிலத்தின் பொருளே மாறுகிறது.

ஆனால் அது பள்ளம். முன்னோர் வீட்டை அங்கே வைக்காததற்குக் காரணம் அறியாமையல்ல. லாரியில் மண் கொட்டி மேடாக்கலாம். தண்ணீருக்கு அது தெரியாது. மேடாக்கிய மனையிலிருந்து வழியும் தண்ணீர் பக்கத்து வயலில் நிற்கும், அல்லது முன்பே கட்டிய வீட்டுக்குள் நுழையும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையின்போது டெல்டா முழுக்க மூழ்கிய நாட்களை நினைத்துக்கொண்டால் போதும். வாய்க்காலைத் தூர்த்துத் தெருவாக்கிய இடத்தில் வடிகால் எங்கே என்று கேட்டால் புரோக்கர் சிரிப்பார்.

சட்டத்தின் பாதையும் அப்படியொன்றும் நேரானதல்ல. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதியில்லாமல், 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை மட்டும் நம்பி விற்ற மனைகள் தமிழகமெங்கும் ஏராளம். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அடுத்த மாதம் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன.

இந்த 22-அ பிரிவு கவனத்திற்குரியது. அதன் முதல் உட்பிரிவு அனுமதியில்லாத கோயில் நில விற்பனையைப் பதிவு செய்யக்கூடாது என்கிறது. இரண்டாவது, அனுமதியின்றி மனையாக்கப்பட்ட நிலத்தை, முன்பே மனையாகப் பதிவாகியிருந்தாலொழிய, பதிவு செய்யக்கூடாது என்கிறது. பழைய தெருவும் புதுநகரும் ஒரே பிரிவின் இரண்டு வரிகளாக அருகருகே நிற்கின்றன. எதிரெதிரானவை என்று நாம் கருதியவை சட்டத்தின் கண்ணில் ஒரே சிக்கலின் இரு முகங்கள்.

4

இதுவரை சொன்னதெல்லாம் தேர்ந்தெடுக்க முடிந்தவரின் கவலை. நண்பர் பள்ளியில் உடன் வேலை பார்க்கும் தலித் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சம்பளம் ஒன்றுதான், கடன் வாங்கும் தகுதியும் ஒன்றுதான். அவரும் பெரிய வீடு தேடினார். “எனக்கு எங்க சார் ரெண்டு? பழைய தெருவுல வீடு இருக்குன்னு எங்கிட்ட யாரும் சொல்லவே இல்ல” என்றார். மறுத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவே இல்லை என்கிறார். விலக்கல் இப்போது இப்படித்தான் நடக்கிறது. அவருக்குப் புதுநகர் ஒரு தேர்வு அல்ல, முதல் கதவு. பணம் கொடுத்தால் மனை என்கிற சந்தையின் குருட்டுத்தனம், ஆயிரமாண்டுத் தெருவின் கூர்மையான பார்வையைவிட அவருக்கு மேலானது. சந்தையை விமர்சிக்கும் நம்மைப் போன்றவர்கள் இதை விழுங்கித்தான் ஆகவேண்டும்.

1872இல் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதியபோது, சொந்த வீடு தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போடும் சங்கிலி என்றார். கீழத்தஞ்சையின் அனுபவம் வேறு. இங்கே சங்கிலியாக இருந்தது சொந்தமில்லாத வீடு. பண்ணையாளின் குடிசை நின்றது மிராசுதாரின் மண்ணில். கூலி கேட்டால் குடிசை போகும். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968இல் கீழ்வெண்மணி நடந்தது. 1971இல்தான் குடியிருப்பு மனையை அதில் வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. காலடியில் சொந்த மண் என்பதன் அருமை இந்த வரிசையைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. வயல் மனையாகும்போது நிலக்காரருக்குப் பணம் வருகிறது. குத்தகைதாரர் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருந்தால் ஏதோ பேசி வாங்கலாம். நடவு நட்டவளுக்குக் காகிதம் எதுவும் கிடையாது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் எண்ணெய்க் கிணறுகளையும் உருக்காலைகளையும் தடுத்தது. வீட்டுமனை அந்தத் தடைப்பட்டியலில் இல்லை. தலித் ஆசிரியருக்குத் திறந்த கதவு, அவருடைய சேரியிலேயே இருக்கும் கூலிப்பெண்ணுக்கு வேலை போன இடமாகவும் இருக்கிறது.

நண்பர் பார்த்த மாடி வீட்டுக்கு நானும் போயிருந்தேன். தரை கழுவிக்கொண்டிருந்த அம்மாள், நாங்கள் கேட்காமலே சொன்னார்: “இந்த ஹாலு இருக்கற எடத்துலதான் சார் நாத்து முடி இறக்கி வைப்போம்.” குறையாகச் சொல்லவில்லை, இடம் காட்டுவதற்காகச் சொன்னார்.

நண்பர் எங்கே வாங்கினாலும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று பார்க்கும்போது மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். மண் யாருடையது? மழைத் தண்ணீர் எங்கே போகும்? இதே பணத்தோடு வந்தும் இந்த வீட்டை வாங்க முடியாமல் போகிறவர் யார்? முதல் இரண்டுக்கும் வக்கீலும் மேஸ்திரியும் பதில் சொல்வார்கள். மூன்றாவதைப் பக்கத்து மேசை ஆசிரியரிடம் கேட்கவேண்டும். அவர் இன்னும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.