உத்தியோகச் சுமையும் நாட்குறிப்பெழுத்தும்

உத்தியோகச் சுமையும் நாட்குறிப்பெழுத்தும்: மேலதிகாரியின் கடுமை, தீராத கோப்புகள், சக ஊழியரோடு நேரும் பிணக்கு, பதவி நிலைக்குமோ நிலைக்காதோ என்னும் ஐயம் ஆகியவற்றால் உத்தியோகஸ்தர் மனத்தில் நாள்தோறும் படியும் சஞ்சலத்தைப் பிறர் கண்ணில் படாத குறிப்பேடொன்றில் தமக்காகவே எழுதித் தணித்துக்கொள்ளும் வழக்கம், பல தேசங்களில் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. இது இலக்கியம் படைக்கும் முயற்சியன்று. மேலிடத்துக்கு எழுதும் விண்ணப்பமுமன்று. காரியாலய மனஸ்தாபங்கள் பெற்றெடுக்கும் மற்றோர் எழுத்துவகையான மொட்டைக் கடிதாசிக்கும் இதற்கும் உறவில்லை. அது பிறரைக் கலக்கும் பொருட்டு எழுதப்படுவது, இது தன் கலக்கம் தீரும் பொருட்டு எழுதப்படுவது. 1980-களிலிருந்து மனோதத்துவ அறிஞர்கள் இவ்வழக்கத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்தி, அதன் பயனையும் எல்லையையும் ஒருவாறு அளந்திருக்கிறார்கள்.

பழைய சான்றுகள்: உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், தான்யூப் நதிக்கரையில் ஆண்டுக்கணக்காக நீடித்த போர்களின் நடுவே, கிரேக்க மொழியில் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட குறிப்புகள் 12 பகுதிகளாக எஞ்சியுள்ளன. காலையில் படுக்கையைவிட்டு எழ மனம் வராமையையும், அன்று எதிர்ப்படப்போகும் நன்றிகெட்டவர்களையும் அகம்பாவிகளையும் எவ்வாறு பொறுத்துக்கொள்வது என்பதையும் பற்றி உலகாண்ட ஒருவர் தம்மோடு வாதாடுவதை அவற்றில் காணலாம். பிரசுரிக்கும் நோக்கம் அவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

உத்தியோகஸ்தரின் நாட்குறிப்பு என்று சொல்லத் தகுந்தவற்றுள் உலகப் பிரசித்தி பெற்றது சாமுவேல் பீப்ஸ் எழுதியது. இவர் 1660-இல் இங்கிலாந்தின் கடற்படை நிர்வாக சபையில் எழுத்தராக அமர்ந்தவர். அவ்வாண்டு ஜனவரி முதல் நாளில் தொடங்கிய நாட்குறிப்பை, கண்பார்வை கெட்டுவிடுமென்ற அச்சத்தால் 1669 மே 31-இல் நிறுத்தினார். அது சுருக்கெழுத்தில் எழுதப்பட்டமையால், பிறர் எளிதில் படிக்க இயலாதென்ற தைரியம் எழுதியவருக்கு இருந்தது. மாத முடிவிலே தம் சொத்து இவ்வளவு, தம் உடல்நிலை இவ்வாறு, நாட்டு நடப்பு இவ்விதம் என்று கணக்கு முடித்து வைக்கும் வழக்கமும் அவரிடம் உண்டு.

1667 ஜூன் மாதத்தில் டச்சுக் கப்பல்கள் மெட்வே நதிக்குள் புகுந்து ஆங்கிலேயரின் போர்க்கப்பல்களைக் கொளுத்திச் சென்ற அவமானத்துக்குப் பின், பாராளுமன்றம் கடற்படை நிர்வாகத்தின்மீது விசாரணை தொடுத்தது. மாலுமிகளுக்கு ரொக்கம் கொடாமல் சீட்டெழுதிக் கொடுத்த முறைக்குச் சமாதானம் சொல்லும் பொறுப்பு பீப்ஸின் தலையில் விழுந்தது. 1668 மார்ச்சு 5-ஆம் நாள் அவர் பாராளுமன்றத்தின்முன் நின்றாக வேண்டும். முந்திய இரவு உறக்கம் கலைந்து, விடியும்வரை மனம் புழுங்கி, கடைசியில் மனைவியை எழுப்பி ஆறுதல் சொல்லச் செய்ததையும், இந்த உத்தியோகத்தை விரைவில் உதறிவிடுவது என்று அப்போது தீர்மானித்ததையும், காலையில் நெஞ்சுரம் வேண்டிச் சூடேற்றிய திராட்சை மதுவும் அதன்மேல் சிறிது பிராந்தியும் அருந்திச் சென்றதையும், பிற்பகல் மூன்று மணி கடக்கும்வரை தடையின்றிப் பேசிப் பாராட்டுப் பெற்றதையும் அவர் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறார். உத்தியோகத்தை அவர் உதறவில்லை. 1673-இல் கடற்படைத் தலைமை அலுவலகத்தின் செயலாளராக உயர்ந்தார். அச்சத்தையும் அதை மறைக்கச் செய்த உபாயத்தையும் வெற்றியையும் ஒரே நாளின் கணக்காக வரவு செலவு பிசகாமல் எழுத அவரால் முடிந்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

தமிழில் இவ்வகைக்குச் சிறந்த உதாரணம் ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படிச் சேதிக் குறிப்பு. 1709-இல் சென்னையையடுத்த பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் வணிகராக வளர்ந்து, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) உயர்ந்த இவர், 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கிய குறிப்பு, 1761 ஜனவரியில் அவர் மரணமடையும் காலம்வரை, நடுநடுவே இடைவெளிகளுடன், சென்றது. அவர் எழுதியதன் முதன்மை நோக்கம் மன ஆறுதலே என்று சாதிப்பது பொருந்தாது. துறைமுகத்துக்கு வந்த கப்பல்களும், சரக்கு விலைகளும், தர்பார் நடவடிக்கைகளும், போர்ச் செய்திகளும் அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆயினும், 1746-இல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் காலமானபின் அப்பதவி யாருக்கு என்று முடிவாகாமல் இழுபட்ட காலத்தையும், பதவி கிடைத்தபின் கவர்னர் துய்ப்ளேயின் மனைவி தமக்கு எதிராகச் செய்துவந்த சூழ்ச்சிகளையும் அவர் எழுதியிருக்கும் பக்கங்களைப் படிப்பவர், இது வெறும் செய்திச் சேகரம் என்று சொல்லமாட்டார். கவர்னர் சொன்னது இது, தாம் சொன்ன மறுமொழி இது, அதற்கு அவர் முகக்குறிப்பு இவ்வாறு மாறியது என்று உரையாடல்களை வரிசை பிசகாமல் எழுதி, அப்பால் இதன் உட்கருத்து இன்னதாக இருக்கலாமென்று தம் அபிப்பிராயத்தையும் சேர்த்துவைப்பது அவருடைய முறை. பகலில் துரையின்முன் சொல்ல இயலாதவற்றை அவர் சொல்லிக்கொண்ட இடம் அந்தக் குறிப்பேடுதான். பெரியதனக்காரர்முன் கைகட்டி நிற்கவேண்டிய பதவியும், அவர்களைத் துல்லியமாக எடைபோடும் அறிவும் ஒருவரிடத்தில் சேர்ந்துவிட்டால், அந்த அறிவுக்கு ஏதேனும் ஒரு வடிகால் வேண்டியிருக்கிறது. 1846-இல் மறுபடி கண்டெடுக்கப்பட்ட இக்குறிப்பு, 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தது.

இவர்களுக்கு நேர்மாறானவர் பிராகு நகரத்து பிரான்ஸ் காஃப்கா. சட்டத்தில் பட்டம் பெற்று, 1908 முதல் 1922-இல் நோயினால் ஓய்வுபெறும்வரை, பொஹீமியாவின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆலைகளில் விரல்களைத் துண்டிக்கும் மர இழைப்பு இயந்திரங்களைப் பற்றி அவர் தயாரித்த அறிக்கை, திறமையான உத்தியோகஸ்தர் ஒருவரின் வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால், அலுவலகத்தில் தட்டச்சு செய்பவருக்கு அறிக்கையொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது உரிய சொல் அகப்படாமல் தவித்து, அகப்பட்டபின் அதனிடமே அருவருப்புக் கொண்டதை அவர் 1911-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியிருப்பதைப் பார்த்தால், எழுத்து அவருக்கு உத்தியோகத்தின் துன்பத்துக்கு மருந்தாக அமையாமல் அதை மேலும் கூர்மையாக்கியதென்றே கொள்ளவேண்டியிருக்கிறது. எழுதுவது எல்லோருக்கும் எப்போதும் ஆறுதல் தரும் என்று பேசுவோர் காஃப்காவை மறந்துவிடுதல் ஆகாது.

பரிசோதனைகள்: இவ்விஷயத்தை முதன்முதலில் முறையாகச் சோதித்தவர் அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். சாந்திரா பீல் என்பவருடன் சேர்ந்து அவர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், 46 மாணவர்கள் நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிஷம் எழுதினார்கள். ஒரு பிரிவினர் தம் வாழ்க்கையில் நேர்ந்த கொடிய அனுபவத்தின் உண்மைகளை மட்டும், மற்றொரு பிரிவினர் உணர்ச்சிகளை மட்டும், வேறொரு பிரிவினர் இரண்டையும் சேர்த்து எழுத, எஞ்சியவர் அற்ப விஷயங்களைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் துன்ப நினைவால் மனம் கனத்ததேயன்றி லேசாகவில்லை. ஆனால் அடுத்துவந்த ஆறு மாதங்களில், உண்மையையும் உணர்ச்சியையும் சேர்த்தெழுதியவர்கள் பல்கலைக்கழக வைத்தியசாலைக்குச் சென்ற தடவைகள், அற்ப விஷயங்களை எழுதியவர்களைக் காட்டிலும் குறைவாக இருந்தன. வெறும் புலம்பலோ வெறும் விவரமோ தனித்து நின்று அவ்வளவாகப் பயன் தரவில்லை என்பது, பீப்ஸும் பிள்ளையும் கையாண்ட முறைக்கு அரண் செய்வதாக இருக்கிறது.

உத்தியோக வாழ்க்கைக்கு நேரடியாகப் பொருந்துவது 1994-இல் வெளிவந்த ஆய்வு. பெரிய நிறுவனமொன்றால் வேலைநீக்கம் செய்யப்பட்டு, மாதக்கணக்காக வேறு வேலை கிடைக்காமல் மனம் கசந்திருந்த 63 பேர் அதில் பங்குகொண்டார்கள். ஒரு பிரிவினர் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு 20 நிமிஷம், வேலையிழந்ததால் தாம் அடைந்த அவமானத்தையும் கோபத்தையும் பற்றி எழுதினர். இன்னொரு பிரிவினர் காலத்தைத் திட்டமிடுவது பற்றி எழுதினர். மூன்றாம் பிரிவினர் ஒன்றும் எழுதவில்லை. எட்டு மாதங்களுக்குப்பின் பார்த்தபோது, முதற்பிரிவினரில் பாதிப்பேருக்குமேல் மறுபடி வேலையில் அமர்ந்திருந்தார்கள். மற்ற பிரிவுகளில் அவ்வாறு அமர்ந்தோர் நாலில் ஒரு பங்கையும் எட்டவில்லை. முதற்பிரிவினர் அதிகமான நேர்காணல்களுக்குச் சென்றார்கள் என்பதுமில்லை. பழைய முதலாளியின்மீதிருந்த வன்மத்தைக் காகிதத்தில் இறக்கிவிட்டவர், புதிய முதலாளியின்முன் அதைச் சுமந்துகொண்டு போய் நிற்கவில்லை என்பதே ஆராய்ச்சியாளர் கொண்ட ஊகம். எண்ணிக்கை சிறிதாகையால் இவ்வொரு முடிவைக் கொண்டு கோட்டை கட்டிவிடக் கூடாதெனினும், ஊகம் நியாயமானதே.

ஹாங்காங்கில் மருத்துவமனை ஊழியரிடையே நடத்தப்பட்டு 2015-இல் வெளிவந்த ஆய்வு வேறுவகைப்பட்டது. அங்கே 102 பேரில் ஒரு பிரிவினர், வாரத்துக்கு இருமுறை வீதம் நான்கு வாரங்கள், பணியிடத்தில் தாம் நன்றி பாராட்டத்தக்கவற்றை எழுதினார்கள், மற்றொரு பிரிவினர் தொல்லைகளை எழுதினார்கள், எஞ்சியோர் எழுதவில்லை. நன்றியை எழுதியோரிடத்தில் மனச்சோர்வும் பளுவுணர்ச்சியும் மற்றவர்களைவிடக் குறைந்தன. தொல்லையை வெறுமே பட்டியலிடுவது தொல்லையைத் தீர்ப்பதில்லை என்று இதிலிருந்து கொள்ளலாம்.

உறக்கத்தைப் பற்றிய ஆய்வும் ஒன்றுண்டு. டெக்ஸாஸில் உள்ள பேலர் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட அதில், 57 இளைஞர்கள் படுக்குமுன் ஐந்து நிமிஷம் எழுதினார்கள்: பாதிப்பேர் இனிச் செய்யவேண்டிய வேலைகளை, மற்றவர் செய்து முடித்த வேலைகளை. செய்யவேண்டியவற்றை எழுதியவர்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் முன்னதாக உறங்கிவிட்டார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு விரைவில் உறக்கம் வந்தது. முடிந்த வேலையை நினைத்துப் பெருமைப்படுவதைவிட, முடியாத வேலையைத் தாளிடம் ஒப்படைப்பதே நித்திரைக்கு உதவுகிறது போலும்.

பயனின் அளவு: பத்திரிகைகளும் பிரசங்கிகளும் இவ்வழக்கத்தைச் சர்வரோக நிவாரணியாகக் கொண்டாடுவது உண்டு. உண்மை அவ்வளவு ஆடம்பரமானதன்று. 1998-இல் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜோஷுவா ஸ்மித் என்பவர் நடுத்தரமான பயனைக் கண்டார்; 2006-இல் ஜோவான் ஃபிராட்டரோலி 146 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பயன் உண்டெனினும் அது சிறியது என்று தெரியவந்தது. காகிதமும் எழுதுகோலும் கால்மணி நேரமும் தவிர வேறு செலவில்லாத சாதனத்துக்குச் சிறிய பயனும் இகழத்தக்கதன்று. அதற்குமேல் உரிமை கொண்டாடுவது தவறு.

செயற்படும் விதம்: உள்ளே அடக்கிவைப்பதே உடலைக் கெடுக்கிறது, வெளியிட்டால் சரியாகிவிடும் என்று தொடக்கத்தில் பென்னிபேக்கர் கருதினார். பின்னர், எழுதப்பட்டவற்றின் சொற்களை எண்ணிப் பார்த்தபோது, வேறொன்று புலப்பட்டது. நாளுக்குநாள் காரணத்தைக் குறிக்கும் சொற்களும், அறிதலையும் தெளிதலையும் குறிக்கும் சொற்களும் எவர் எழுத்தில் பெருகினவோ, அவரே மிகுதியாகப் பயனடைந்தார். முதல்நாள் சொன்னதையே நான்காம் நாளும் சொல்லிக்கொண்டிருந்தவர் அடைந்த பயன் குறைவு. ஆகவே, மனத்தில் கிடப்பதைக் கொட்டுவது பாதிக் காரியமே. கொட்டியதைப் பிரித்து, எது எதனால் விளைந்தது என்று அடுக்கிப் பார்ப்பது மறுபாதி. மனத்துக்குள் சுழலும் கோபத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. வாக்கியமாக எழுதும்போது அதற்கு எழுவாயும் பயனிலையும் வேண்டியிருக்கின்றன, யார் என்ன செய்தார் என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது, அவ்வாறு சொல்ல முற்படும்போது தலையாட்டியது யார், தாமே ஒப்புக்கொண்ட வேலை எது என்பனவும் வெளிப்பட்டுவிடுகின்றன.

கையாளும் முறையும் எச்சரிக்கையும்: ஆய்வுகளில் வழங்கிய முறை எளியது. மூன்று முதல் ஐந்து நாட்கள், நாளுக்கு 15 அல்லது 20 நிமிஷம், எழுத்துப்பிழையும் இலக்கணமும் பாராமல் நிறுத்தாமல் எழுதுவது. எழுதியதைப் பிறர் படிக்கமாட்டார் என்ற உறுதி இருப்பது. வேண்டுமாயின் பின்பு கிழித்தெறிந்துவிடுவது. வாழ்நாளெல்லாம் நாட்குறிப்பு எழுதியாக வேண்டுமென்ற விதி இல்லை. காரியாலயத்துக்குச் சொந்தமான கணிப்பொறியில் இவற்றை எழுதாமலிருப்பது விவேகம். பீப்ஸின் சுருக்கெழுத்து அங்கே உதவிக்கு வராது. பெருந்துயரம் நேர்ந்த உடனடி நாட்களில் எழுதும்படி ஒருவரை வற்புறுத்தலாகாது.

பணியாற்றுவோரின் சோர்வு அவர்களுடைய மனத்தின் குறையினால் மட்டும் வருவதன்று. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில், பணிச்சோர்வை நோயாக வகைப்படுத்தாமல், சரிவரச் சமாளிக்கப்படாத நெடுநாளைய வேலைப்பளுவினால் விளையும் தொழில்சார்ந்த நிலை என்றே குறித்தது. பத்துப் பேர் செய்யவேண்டிய வேலையை ஆறு பேரிடம் சுமத்திவிட்டு, ஆளுக்கொரு குறிப்பேட்டைப் பரிசளிக்கும் நிர்வாகம், ஊழியருக்கு நன்மை செய்துவிட்டதாக எண்ணிக்கொள்ள இடமில்லை. நெடுநாள் உறக்கமின்மையோ, வாழ்வில் வெறுப்போ தோன்றியவர் நாட்குறிப்பை நம்பியிராமல் வைத்தியரை நாடவேண்டும். இந்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.