ஒரு டாலருக்கு விற்ற நிலம்

நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கால்வாயில் ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டிய ஹூக்கர் நிறுவனம், 1953இல் அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் விற்றது. கழிவு இருப்பதைப் பத்திரத்தில் எழுதித்தானே கொடுத்தோம் என்றது. எழுதியது உண்மைதான். ஆனால் களிமண் மூடியைக் கீறிச் சாலையும் சாக்கடையும் போட்டபோது அந்த வாசகம் யார் கையையும் தடுக்கவில்லை. 1970களில் மழை கனத்ததும் அரித்துப்போன பீப்பாய்கள் மண்ணுக்கு மேலே தலைகாட்டின. வீட்டு நிலவறைகளில் கரிய குழம்பு கசிந்தது. எச்சரிக்கை காகிதத்தோடு நின்றுவிடாமல் மண்ணோடு கூடவே வர வேண்டும்.

அதற்கு நிலம் கைமாறும்போதெல்லாம் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும்; தேய்ந்துவரும் இந்த ஊருக்கு அது கட்டுப்படியாகுமா என்பார்கள். 1960இல் லட்சத்தைத் தாண்டிய மக்கள்தொகை இன்று ஐம்பதாயிரத்துக்கும் கீழே, கேள்வி நியாயமானதே. ஆனால் மத்திய அரசின் துப்புரவுச் செலவுக்காக மட்டும் ஹூக்கரை வாங்கிய ஆக்சிடென்டல் 1995இல் ஒப்புக்கொண்ட தொகை 12.9 கோடி டாலர். வேலியிட்ட எழுபது ஏக்கரில் இன்றும் கசிவுநீரை இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள்.