எடைக் குறைப்பு அறுவையும் முடி உதிர்வும்

உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவை சிகிச்சையின் வரலாறு, சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கும் முறைகளோடு 1950களில் தொடங்கி, 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் செய்த இரைப்பை மாற்றுவழி அறுவையால், அதாவது இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் முறையால், புதிய திசை பெற்றது.

இத்தகைய அறுவைக்குப் பின் நேரும் முடி உதிர்வை விளக்கும் அறிவு 1966க்கு முன்பே உருவாகியிருந்தது. பிரசவம், கடுங்காய்ச்சல், அறுவை போன்றவற்றுக்குப் பின் முடி கொட்டுவதைத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961இல் 'டெலோஜன் எஃப்ளூவியம்' என்று பெயரிட்டு விளக்கினார். டெலோஜன் என்பது முடி வளராமல் ஓய்ந்திருக்கும் பருவம். வழக்கமாகத் தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அந்நிலையில் இருக்க, உடல் திடீரென நலிவுறும்போது பல மயிர்க்கால்கள் ஒருசேர ஓய்வுக்குச் சென்றுவிடுவதால், சுமார் மூன்று மாதம் கழித்தே முடி கொத்துக்கொத்தாகச் சீப்பில் வருகிறது. அம்முடியின் அடிநுனியில் தெரியும் சிறு வெண்குமிழைக் கண்டு வேரே போய்விட்டதென்று பலர் கலங்குவர். உண்மையில் மயிர்க்கால் தோலுக்குள் அழியாமலேயே இருக்கிறது.

எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் உணவு குறைவதாலும் உடல் இவ்வாறு நலிவுறுகிறது. ஆகவே முதற்கவனம் எண்ணெய்க்கன்று, உணவுக்கே உரியது: நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதமும், மருத்துவர் குறித்த இரும்பும் துத்தநாகமும் தேவை. குறைபாடு இல்லாதவருக்குப் பயோட்டின் மாத்திரை பயன் தருவதாகச் சான்றில்லை. ஓராண்டு கடந்தும் உதிர்வு நீடித்தால், தயங்காமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.