கோயிலும் வீதியும் வளர்த்த இசை

கோயிலில் ஒலிக்கும் பாட்டு வேறு, வீதியிலும் வயலிலும் ஒலிக்கும் பாட்டு வேறு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். முன்னதைத் தூயது என்றும், பின்னதைப் பொழுதுபோக்கு என்றும் தரம் பிரிக்கவும் செய்கிறோம். தமிழகத்தின் இடைக்கால இசை வரலாற்றைச் சற்றே உற்று நோக்குவோமாயின், இப்பிரிவு அத்துணை உறுதியானதன்று என்பது விளங்கும். இரண்டும் ஓர் ஊற்றிலிருந்து பெருகியவை. ஆயின் ஒன்றுக்குக் காப்பு இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை. அந்தக் காப்பு எத்தகையது என்பதை அறிவது, ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்குப் பெரிதும் பயன் தரும்.

சங்க காலத்தில் இசையை வளர்த்தவர்கள் பாணர்கள். யாழைச் சுமந்து ஊர்தோறும் சென்று, மன்னர் அவையிலும் எளியோர் முற்றத்திலும் பாடி, கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்தார்கள். அவர்களுக்குப் பின்வந்த சிலப்பதிகாரத்தில், அரங்கில் யாழும் குழலும் முழவும் ஒன்றும் முறையைக் காண்கிறோம். கடற்கரைப் பாட்டாகிய கானல் வரியும் அங்கே உண்டு; வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை ஆகியவையும் உண்டு. அவற்றுள் வழிபாடு எங்கே முடிகிறது, கூத்து எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட இயலாது. தெய்வத்தைப் போற்றியவர்கள் தத்தம் நிலத்தின் இசையிலேயே போற்றினார்கள்.

பின்னர் வந்த பக்தி இயக்கம் இந்த இசைச் செல்வத்தையே கையாண்டது. 6-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் காரைக்காலம்மையார் திருவாலங்காட்டின் மீது பாடிய இரு பதிகங்கள் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அமைந்தவை. 7-ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும், அவர்களுக்குப் பின் சுந்தரரும் பாடியவற்றுள் நமக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 800 பதிகங்கள். சம்பந்தருடன் தலந்தோறும் சென்று அவர் பாட்டை யாழில் இசைத்தவர் எருக்கத்தம்புலியூரைச் சேர்ந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர். பாணர் மரபின் இசை இவ்வாறு கோயிலுக்குள் புகுந்தது.

இசை எளிதில் புகுந்தது; இசைத்தவர் அவ்வளவு எளிதில் புகவில்லை. மதுரையில் வாயிலுக்குப் புறத்தே நின்று யாழ் வாசித்த பாணரை, இறைவன் ஆணையிட்ட பின்னரே அடியார்கள் உள்ளே அழைத்துச் சென்றதாகவும், திருவாரூரில் அவருக்காக வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டதாகவும் பெரிய புராணம் கூறுகிறது. இசை வரலாற்றை எழுதும்போது இதனை மறைத்தல் தகாது.

மாணிக்கவாசகரிடம் இக்கலப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அம்மானை, ஊசல், சாழல், பூவல்லி, உந்தி பறத்தல் ஆகிய யாவும் மகளிர் விளையாடும்போதும் தொழில் செய்யும்போதும் பாடிய பாட்டு வகைகள். அவற்றின் வடிவத்தைத் திருவாசகம் எடுத்துக்கொண்டது. அக்காலப் பெண்கள் முற்றத்தில் பாடிய மூலப் பாட்டுகளோ நமக்குக் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவிலும் இத்தகைய நிகழ்ச்சியைக் காண்கிறோம். இடைக்காலக் கிறித்தவ மடங்களில் இலத்தீன் மொழி வழிபாட்டுப் பாட்டு ஒலித்தது. பிரான்சின் தென்பகுதியில் துருபதூர் எனப்பட்ட கவிஞர்கள் காதற்பாட்டுப் பாடினர். இரண்டும் தனித்தனியே நின்றுவிடவில்லை. 15-ஆம் நூற்றாண்டில், ஆயுதம் தரித்த வீரனைப் பற்றிய ஒரு பிரெஞ்சுப் பாட்டின் மெட்டை அடிப்படையாக வைத்து, இசைவாணர் பலர் திருப்பலிக்கான இசையை அமைக்கலாயினர். காலப்போக்கில் அம்மெட்டின் மீது எழுந்த திருப்பலி இசைகள் நாற்பதுக்கும் மேற்பட்டவை. வீதியின் மெட்டு ஆலயத்தில் நிலைபெற்றது அங்கும் நடந்ததே.

ஆனால் பாட்டைக் காத்த முறையில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இத்தாலி நாட்டு அரெட்சோ நகரில் பணிபுரிந்த குவிதோ என்னும் துறவி, கோடுகளின் மீது சுரங்களைக் குறிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதனால், முன்பு கேட்டிராத பாட்டையும் ஏட்டைப் பார்த்தே பாடும் நிலை உண்டாயிற்று. ஏறத்தாழ அதே தலைமுறையில், தஞ்சையில் இராசராச சோழன் வேறொரு வழியை மேற்கொண்டான். பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிக்க ஒருவரையும் மத்தளம் கொட்ட ஒருவரையும் நியமித்தான். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் என்று வகுத்து, அந்த ஐம்பதின்மர் பெயரையும் கல்லில் வெட்டுவித்தான். இது அவனது 29-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி. பி. 1014 அளவில் நிகழ்ந்தது. அவன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு மனையும் பங்கும் அளித்ததையும், நட்டுவர், வீணை வாசிப்போர், குழலூதுவோர், தமிழ் பாடுவோர் ஆகியோருக்கு வாழ்வு வகுத்ததையும் அக்கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன.

அந்தத் திருப்பதியக் கல்வெட்டில் ஒரு விதி நம் உள்ளத்தைத் தொடுவது. பாடுவாருள் ஒருவர் இறந்தாலோ வேற்று நாடு சென்றாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையேல், தகுதியுடைய வேறொருவரை அவர் பாடச் செய்யவேண்டும். உறவினரே இல்லையேல், எஞ்சிய பாடகர்கள் கூடித் தக்கவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஐரோப்பியர் பாட்டை ஏட்டில் வைத்தார்கள். நம்மவர் பாடுகிறவரின் வாழ்வில் வைத்தார்கள். பிறப்புரிமையை மட்டும் பாராமல் தகுதியையும் வேண்டியது அவ்விதியின் சிறப்பு.

இம்முறையின் வலிமையும் குறையும் ஒன்றே: பாடுகிறவர் உள்ளவரைதான் பண் உண்டு. நம்பியாண்டார் நம்பி தேவார ஏடுகளைத் தில்லையில் மீட்டபோது சொற்கள் கிடைத்தன, பண்முறை கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்பது திருமுறை கண்ட புராணம் கூறும் செய்தி. வைணவ மரபில் நாதமுனிகள் தம் மருமக்கள் இருவரைக் கொண்டு திவ்வியப் பிரபந்தத்தை இசையோடு பரப்பியதாகக் கூறுவர். குடுமியான்மலையில் 7-ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியில், ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகளைப் பாறையில் பொறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. அத்தகைய முயற்சி நம் நாட்டில் மிக அரிது. ஆதலின் பல பண்களின் பழைய உருவம் மறைந்தது. இன்று ஓதுவார்கள் கௌசிகப் பண்ணைப் பைரவி இராகத்திலும், மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியிலும், செந்துருத்தியை மத்தியமாவதியிலும் பாடுகின்றனர். 1917-இல் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும், 1947-இல் விபுலாநந்த அடிகளின் யாழ் நூலும் வெளிவந்தன. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. இழந்ததைத் தேடும் பணி இவ்வாறு நடந்து வந்துள்ளது.

நாம் வாழும் டில்லி நகரமும் இதற்குச் சான்று கூறும். 1325-இல் மறைந்த நிஜாமுதீன் அவுலியாவின் தர்காவில், அதே ஆண்டு மறைந்த அவருடைய சீடர் அமீர் குஸ்ரோவின் பெயரால் வழங்கும் பாட்டுகள் இன்றும் கவ்வாலியாக ஒலிக்கின்றன. குஸ்ரோ சுல்தான்களின் அவைக் கவிஞராகவும் விளங்கியவர். அரண்மனையும் தர்காவும் ஒருவரிடத்தே சந்தித்தன. தலைமுறை தலைமுறையாகப் பாடும் குடும்பங்கள் இருந்தமையால் அவ்விசை நிலைத்தது.

இனி நம் நிலையைப் பார்ப்போம். முனிர்காவில் வாழும் நமக்கு அருகிலேயே, இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாத சுவாமி கோயில் இருக்கிறது. தேவாரம் அச்சில் உள்ளது, ஒலிப்பதிவிலும் உள்ளது. விரும்பிய இல்லத்தில் அது ஒலிக்கும். ஆனால் நம் பாட்டிமார் பாடிய தாலாட்டு எந்த ஏட்டில் உள்ளது? நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் நம் குழந்தைகள் யாரிடம் கேட்பார்கள்? இராசராசன் வகுத்த விதி, ஒருவர் ஊரை விட்டுப் போனாலும் ஊரில் பாட்டு நின்றுவிடாதிருக்க வழி செய்தது. போனவர் தம்முடன் கொண்டு சென்ற பாட்டுக்கு அது வழி கூறவில்லை. அவ்வழியைப் போனவர்களே வகுத்துக்கொள்ளவேண்டும்.

அதற்கு நெல்லும் நிலமும் வேண்டுவதில்லை. ஊரிலிருந்து முதியோர் வரும்போது அவர்களைப் பாடச் சொல்லிக் கைபேசியிலேனும் பதிந்து வைக்கலாம். எந்த ஊர்ப் பாட்டு, யாரிடம் கற்றது, எத்தொழிலின்போது பாடியது என்று குறித்து வைக்கலாம். பதிந்ததோடு நில்லாமல், இல்லத்தில் ஒரு குழந்தையேனும் அதனைப் பாடக் கற்குமாறு செய்யலாம். தேவாரம் கற்பிக்கும் இடத்திலேயே தாலாட்டையும் கற்பிப்பதில் இழுக்கு ஏதுமில்லை. மகளிர் முற்றத்தில் பாடிய ஊசலையும் அம்மானையும் தம் பாட்டில் ஏற்ற மாணிக்கவாசகர் அதற்கு வழிகாட்டியிருக்கிறார்.