சாத்தான்குளத்துக் கல்யாண கேசட்டும் அமெரிக்கா கேமராவும்

ஐபோன் வச்சிருக்கிறவங்க கேமரா செட்டிங்ஸ்ல வீடியோ பகுதிக்குள்ள போய்ப் பாருங்க. ‘பால் ஃபார்மட்ஸ்’னு ஒரு பட்டன் இருக்கும். கறக்குற பால் இல்ல. அது ஒரு பழைய டிவி சண்டையோட மிச்சம். அந்தச் சண்டை எங்க ஊர் சாத்தான்குளத்துக் கல்யாண வீடு வரைக்கும் வந்துச்சு.

1995. சித்தி கல்யாணம். நியூஜெர்சியில இருந்து வந்த மாமா கையடக்கமா ஒரு கேம்கார்டர் கொண்டுவந்தார். உள்ளூர் வீடியோக்காரரும் தோள்ல பெரிய விஎச்எஸ் கேமராவோட வந்திருந்தார். மாமாவுக்கு அதைப் பார்த்து லேசா ஒரு சிரிப்பு.

ராத்திரி மாமா தன் கேமராவை எங்க டிவியில மாட்டினார். படம் கருப்பு வெள்ளையில மேல மேல உருண்டு ஓடுது. வேற வழியில்லாம ஒவ்வொருத்தரா வரிசையில நின்னு, கேமராவோட வியூஃபைண்டர்ல ஒத்தக் கண்ணை வச்சுப் பார்த்தோம். ஆச்சி பார்த்துட்டு, “என்னல இது, கல்யாண வீட்டுல கரெண்டு போயிப்போயி வருது?”ன்னு கேட்டாங்க.

ஆச்சி கேட்டதுதான் சரியான கேள்வி. விஷயமே கரெண்டுலதான் இருக்கு.

அமெரிக்காவுல மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதையொட்டி அவங்க டிவி செகண்டுக்கு 60 அரைப்படம், அதாவது சுமார் 30 முழுப்படம், 525 கோடு. இதுக்குக் கலர் சேர்த்த என்டிஎஸ்சி முறை 1953ல வந்துச்சு. ஐரோப்பாவுல 50 ஹெர்ட்ஸ். அதனால 25 படம், 625 கோடு. ஜெர்மனியில டெலிஃபங்கன் கம்பெனியோட வால்டர் புரூக் உருவாக்கின பால் கலர் முறை 1967ல ஒளிபரப்புக்கு வந்துச்சு. பிரான்ஸ் செகாம்னு தனிக்கட்சி. நாம 1982ல, ஏசியாட் வருஷம், கலருக்கு மாறினப்போ பாலை எடுத்துக்கிட்டோம். இலங்கையும் பால்தான். அதனாலதான் ஆன்டெனாவை உசரமாத் தூக்கிக் கட்டினா நம்ம கடற்கரைப் பக்கம் ரூபவாஹினியும் கலர்ல தெரிஞ்சுச்சு.

இப்ப மண்டபத்து டியூப்லைட்டுக்கு வருவோம். 50 ஹெர்ட்ஸ் கரெண்டுல அது செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். 50 அரைப்படம் எடுக்கிற கேமராவுக்கு ஒரு படத்துக்கு ரெண்டு மினுக்கல், கணக்கு சரி. மாமா கேமரா எடுக்கிறது 60. ஒரு படத்துக்கு ஒண்ணே முக்கால் மினுக்கலுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல். ஷட்டரை நூத்துல ஒரு செகண்டுன்னு வச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம். அது மாமாவுக்குத் தெரியாது.

உள்ளூர்க்காரர் கேசட் நியூஜெர்சிக்குப் போச்சு. விஎச்எஸ் பெட்டி உலகம் பூரா ஒண்ணுதான், அங்கயும் விசிஆருக்குள்ள அழகா நுழைஞ்சுது. படம்தான் வரல. துபாய்ல இருந்த பெரியப்பாவுக்கு அந்தக் கவலை இல்ல, வளைகுடாவுல மல்டிசிஸ்டம் டிவி சாதாரணம். லண்டன்ல பால், பாரிஸ்ல செகாம், டொராண்டோவுல என்டிஎஸ்சின்னு சிதறிப்போன ஈழத்துக் குடும்பங்களை நினைச்சுப் பாருங்க. ஒரு கல்யாணத்துக்கு மூணு விதமா காப்பி போடணும்.

அப்போ எந்தக் கேமரா வாங்கியிருக்கணும்? பார்க்கப்போறவர் அமெரிக்காவுல இருக்கார், அதனால என்டிஎஸ்சி வாங்குன்னு சொன்னவங்க நிறையப் பேர். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஃபார்மட்டைக் கடையில கொடுத்து மாத்திக்கலாம். மாத்தும்போது 25 படத்தை 30 ஆக்க, சில படங்களை ரெண்டு தடவை காட்டுவாங்க, ஆட்டம் பாட்டம் கொஞ்சம் திக்கும். அவ்வளவுதான். டேப்புல பதிஞ்ச மினுக்கலைப் போக்குறது அவ்வளவு லேசு இல்ல. லைட்டு எந்த ஊரு கரெண்டோ, கேமராவும் அந்த ஊருதான். 2005 வாக்குல 50, 60 ரெண்டுக்கும் மாறுற சோனி இசட்1 வந்தப்போ சினிமாப் பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம். அதையும் இங்க 60ல வச்சா, டியூப்லைட் அதே வேலையைக் காட்டும்.

மாமா டேப்பைப் பல வருஷம் கழிச்சு டிவிடி ஆக்கினோம். அதுக்கு முன்னாடியே ஆச்சி போயிட்டாங்க. பந்தியில நின்னு யாரையோ சத்தம் போட்டுக்கிட்டு இருக்காங்க, மங்குறதும் தெளியுறதுமா. வீடியோக்காரர் கேசட்டுல வெளிச்சமெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா அவர் மேடையைத்தான் எடுத்தார், பந்திப் பக்கம் வரவே இல்ல.