பூட்டுத் தொழிலாளியின் மகனும் வத்திராயிருப்பின் மைந்தனும்

வெதுருகுப்பம், சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் பிழைப்பை நாடிக் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திய பெற்றோர் பலர். விஞ்ஞானம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்னும் எண்ணமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது எத்துணைப் பொருந்தாது என்பதற்கு மின்தடையின் வரலாறு ஒன்றே சான்றாகும்.

ஜெர்மானிய நாட்டு எர்லாங்கன் நகரில் 1789ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் பிறந்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். தந்தையார் பூட்டுத் தொழிலாளி. முறையான பள்ளிக் கல்வி பெறாதவர். எனினும் தாமே கணிதம் பயின்று, தம் மக்களுக்கும் வீட்டிலேயே கற்பித்தார்.

ஓம் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியரானார். ஓய்வு நேரத்தில் அவர் மின்சாரத்தை ஆராய்ந்தார். அக்காலத்து மின்கலங்களின் ஆற்றல் நிலையாக நில்லாமையால் அளவுகள் பிழைபட்டன. ஆதலின் பிஸ்மத்தும் செம்பும் இணைந்த பொருத்துகளில் ஒன்றைக் கொதிநீராலும் மற்றொன்றைப் பனிக்கட்டியாலும் சூழவைத்து, மாறாத மின்னழுத்தம் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளை இணைத்து, காந்த ஊசியின் துணையால் மின்னோட்டத்தை அளந்தார்.

வெப்பநிலை மாறாதிருக்க, அழுத்தம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். தடை இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும். கம்பி நீண்டால் தடை மிகும், பருத்தால் குறையும். 1827இல் இவ்விதியை விளக்கி அவர் நூல் வெளியிட்டபோது, ஜெர்மானிய அறிஞர் சிலர் அதனைக் கடுமையாகச் சாடினர். மனம் நொந்த ஓம் கொலோன் பதவியைத் துறந்தார். 1833இல்தான் நூரம்பெர்க்கில் நிலையான பணி கிட்டியது. 1841இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்தது. 1854இல் அவர் மறைந்தார். 1881இல் பாரிசில் கூடிய மாநாடு, தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது.

தடை எவ்வளவு என்பதை ஓம் அளந்து காட்டினார். தடை ஏன் எழுகிறது என்னும் வினா நூறாண்டு காத்திருந்தது. அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்து நின்றால் எலெக்ட்ரான் தங்குதடையின்றிச் செல்லும்; வெப்பத்தால் அவை அதிரும்போதே அது சிதறித் தடை தோன்றும் என்று 1928இல் பெலிக்ஸ் பிளாக் என்பார் காட்டினார்.

இவ்வாராய்ச்சியில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவரே. தந்தையார் தமிழும் வடமொழியும் கற்ற வேளாண் குடியினர். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது இராமனுக்கு உற்ற துணையாய் நின்றவர் இவர். பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட்டின் படிகத்தில், அடுக்குகளின் போக்கில் மின்சாரம் எளிதாய்ப் பாய்வதையும், குறுக்கே பெரிதும் தடைப்படுவதையும் கங்குலியுடன் 1939இல் வெளியிட்டார். உலோகம் உருகினால் அணுக்களின் ஒழுங்கு குலையும். அந்நிலையில் தடை எவ்வளவாகும் என்பதைத் தம் மாணவர் பாட்டியாவுடன் அலகாபாத்தில் ஆராய்ந்து 1945இல் எழுதினார். 1947 முதல் 1961இல் மறையும்வரை புதுடில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வகத்தின் இயக்குநராய்த் திகழ்ந்தார்.

இளமையில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் செய்முறை உதவியாசிரியராக இருந்தபோது, கிருஷ்ணன் பகலுணவு இடைவேளையில் மாணவரைக் கூட்டுவார். பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகியவற்றுள் எதைப் பற்றியும் எவரும் கேட்கலாம். பிற கல்லூரி மாணவரும் அங்கே திரண்டு வந்தனர்.

அதற்குத் தேவைப்பட்டது ஓர் அறையும் ஒரு மணி நேரமுமே. நம் சங்கத்திற்கும் அவை எட்டாதவை அல்ல. வாரந்தோறும் நம் காலனிப் பிள்ளைகள் வினா எழுப்ப ஒரு மணி நேரத்தை ஒதுக்குவோமாக. விடை தெரிந்தவர் விளக்கட்டும். தெரியாத இடத்தில் பிள்ளைகளோடு நாமும் நூலைப் பிரித்துப் பார்ப்போம். எர்லாங்கன் நகரத்துப் பூட்டுத் தொழிலாளி செய்ததும் அதுவேயன்றோ!